செபாஸ்டியன் கோர்டா

செபாஸ்டியன் கோர்டா (பிறப்பு: 5 ஜூலை 2000) அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரர். ஃபுளோரிடா மாநிலத்தின் பிராடென்டன் நகரில் பிறந்த இவர், 1998ஆம் ஆண்டின் ஆஸ்திரேலிய ஓப்பன் ஒற்றையர் வாகையர் பெட்ர் கோர்டாவுக்கும், செக்கோஸ்லோவாக்கியாவின் முன்னணி ஆட்டக்காரராக விளங்கிய ரெகினா ராய்க்ர்தோவாவுக்கும் மூன்றாவது மகவாவார். மூத்த சகோதரியர் ஜெசிகா, நெல்லி ஆகிய இருவரும் பெண்கள் கோல்ஃப் ஆட்டத்தில் உலக அளவில் பெயர் பெற்றவர்கள். 2018இல் ஆஸ்திரேலிய ஓப்பன் இளையோர் ஒற்றையர் பட்டம் வென்ற செபாஸ்டியன், அவ்வாண்டே தொழில்முறை ஆட்டத்தில் நுழைந்தார். 2021இல் இத்தாலியின் பார்மாவிலும் 2024இல் வாஷிங்டனிலும் ஒற்றையர் பட்டங்களை வென்று, 2024 ஆகஸ்டில் உலகத் தரவரிசையில் 15ஆம் இடத்தை எட்டினார்.

குடும்பப் பின்புலம்: செக் டென்னிஸ் மரபு

கோர்டா குடும்பத்தின் விளையாட்டு வாழ்வு செக் நாட்டின் மண்ணில் வேர் கொண்டது. மக்கள்தொகையில் சிறியதாகிய அந்நாடு இருபதாம் நூற்றாண்டு முழுவதும் டென்னிஸில் உலகத் தரமான ஆட்டக்காரர்களை இடையறாமல் உருவாக்கியது. ஊர்தோறும் இயங்கிய விளையாட்டுக் கழகங்கள், பொடியாக்கிய செங்கல் பரப்பிய செம்மண் ஆடுகளங்கள், சிறுவர்களை இளம் வயதிலேயே கண்டறிந்து பயிற்றும் முறை ஆகியவை இதற்குத் துணைநின்றன. செம்மண் ஆடுகளத்தில் பந்து தரையில் பட்டபின் வேகம் குறைந்து உயர எழுவதால் ஒவ்வொரு புள்ளிக்கும் நெடுநேரம் ஆட வேண்டியிருக்கும். பொறுமையும் கால் நகர்வும் அதில் தாமே பழகிவிடும்.

இம்மரபில் பனிக்கால ஆட்டமும் கோடைக்கால ஆட்டமும் ஒருவரிடமே கூடிவருவது புதிதன்று. பிராகாவில் பிறந்த யாரோஸ்லாவ் துரோப்னி 1948ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக்கில் செக்கோஸ்லோவாக்கியப் பனி ஹாக்கி அணியில் ஆடி வெள்ளிப் பதக்கம் பெற்றவர். 1949இல் தாய்நாட்டை விட்டு வெளியேறிய அவர் 1951, 1952 ஆகிய ஆண்டுகளில் பிரெஞ்சு வாகையர் பட்டத்தையும், எகிப்தியக் குடிமகனாக 1954இல் விம்பிள்டன் பட்டத்தையும் வென்றார். அவருக்குப் பின் 1970, 1971 பிரெஞ்சுப் பட்டங்களையும் 1973 விம்பிள்டன் பட்டத்தையும் வென்ற யான் கோதேஷ், பிறகு மார்ட்டினா நவ்ரத்திலோவா, இவான் லெண்டில், ஹானா மாண்ட்லிகோவா ஆகியோர் வரிசையாக வந்தனர். 1980இல் செக்கோஸ்லோவாக்கியா டேவிஸ் கோப்பையை வென்றது. 1983 முதல் 1985 வரை தொடர்ந்து மூன்று முறை பெண்களுக்கான ஃபெடரேஷன் கோப்பையைக் கைப்பற்றியது.

இந்நாட்டு டென்னிஸில் குடும்பத் தொடர்ச்சி குறிப்பிடத்தக்க கூறாகும். 1962இல் விம்பிள்டன் இறுதிவரை சென்ற வேரா சுகோவாவின் மகள் ஹெலெனா சுகோவாவும் மகன் சிரில் சுக்கும் இரட்டையர் ஆட்டத்தில் பல பட்டங்களை வென்றனர். லெண்டிலின் தாயும் தந்தையும் டென்னிஸ் ஆடியவர்கள். மாண்ட்லிகோவாவின் தந்தை ஒலிம்பிக்கில் ஓடிய விரைவோட்ட வீரர். இவ்வாறு ஆட்டத்தைத் தொழிலாக மட்டுமன்றி வீட்டு வழக்கமாகவும் கொண்ட சூழலிலேயே பெட்ர் கோர்டாவும் ரெகினாவும் உருவாயினர். செபாஸ்டியனின் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள இச்சூழலை அறிவது இன்றியமையாதது.

தந்தை: பெட்ர் கோர்டா

பெட்ர் கோர்டா 23 ஜனவரி 1968 அன்று பிராகாவில் பிறந்தார். இடக்கை ஆட்டக்காரரான அவர் 1985இல் சிரில் சுக்குடன் இணைந்து பிரெஞ்சு ஓப்பன் இளையோர் இரட்டையர் பட்டத்தை வென்று, 1987இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். மெலிந்த உடல்வாகு கொண்ட அவர் வலிமையைக் காட்டிலும் காலக்கணிப்பை நம்பி ஆடினார். பந்து மேலெழும் நொடியிலேயே அதை அடித்து எதிராளியின் நேரத்தைப் பறிப்பது அவருடைய உத்தியாக இருந்தது.

1992இல் பிரெஞ்சு ஓப்பன் இறுதியாட்டத்தை எட்டிய அவர் அமெரிக்காவின் ஜிம் கூரியரிடம் 7–5, 6–2, 6–1 என்ற கணக்கில் தோற்றார். அவ்வாண்டே வாஷிங்டன் போட்டியில் அவர் பெற்ற பட்டம் முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் மகனின் வாழ்வில் மீண்டும் பேசப்படவிருந்தது. 1993இல் மியூனிக்கில் நடந்த கிராண்ட்சிலாம் கோப்பைப் போட்டியில் அரையிறுதியில் பீட் சாம்ப்ரஸையும் இறுதியில் மிகாயேல் ஷ்டிக்கையும் ஐந்து செட்களில் வென்று, அக்காலத்தில் டென்னிஸில் வழங்கப்பட்ட மிகப்பெரிய பரிசுத் தொகைகளுள் ஒன்றைப் பெற்றார். 1996இல் ஸ்வீடனின் ஸ்டெஃபான் எட்பர்க்குடன் ஆஸ்திரேலிய ஓப்பன் ஆடவர் இரட்டையர் பட்டம் கிட்டியது.

காயங்களாலும் அறுவைச் சிகிச்சையாலும் சில ஆண்டுகள் பின்தங்கியிருந்த பெட்ர், 1997ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பனில் சாம்ப்ரஸை ஐந்து செட்களில் வீழ்த்தித் தம் மீட்சியை அறிவித்தார். அதன் உச்சம் 1998 ஆஸ்திரேலிய ஓப்பன்: முப்பது வயது நிறைந்த சில நாட்களில் நடந்த இறுதியாட்டத்தில் சிலியின் மார்செலோ ரியோஸை 6–2, 6–2, 6–2 என்று வென்று, தம் ஒரே கிராண்ட்சிலாம் ஒற்றையர் பட்டத்தைப் பெற்றார். ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, விம்பிள்டன், அமெரிக்கப் போட்டிகளாகிய நான்கு பெரும் போட்டிகளே கிராண்ட்சிலாம் எனப்படுபவை. அவ்வெற்றியை அடுத்து உலகத் தரவரிசையில் இரண்டாம் இடத்துக்கு உயர்ந்தார்.

அதே ஆண்டு விம்பிள்டனில் எடுக்கப்பட்ட மாதிரியில் தடைசெய்யப்பட்ட நாண்ட்ரோலோன் என்ற ஊக்கப்பொருள் இருப்பது தெரியவந்தது. தாம் அறிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்று பெட்ர் கூறினார். தொடக்கத்தில் சிறப்புச் சூழல் கருதி நீண்ட தடை விதிக்கப்படவில்லை. பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பு மேல்முறையீடு செய்ததை அடுத்து 1999இல் ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. ஒற்றையரில் 10 பட்டங்களுடன் அவருடைய தொழில்முறை வாழ்வு நடைமுறையில் அத்துடன் முடிந்தது. பிற்காலத்தில் அவர் பயிற்றுநராகத் தொண்டாற்றினார்.

தாயும் சகோதரியரும்

ரெகினா ராய்க்ர்தோவா 1968இல் செக் நாட்டின் ஹாவ்லிச்கூவ் புரோத் நகரில் பிறந்தவர். 1924க்குப் பின் டென்னிஸ் மீண்டும் பதக்க ஆட்டமாக இடம்பெற்ற 1988 சியோல் ஒலிம்பிக்கில் அவர் செக்கோஸ்லோவாக்கியாவின் சார்பில் ஆடினார். 1991இல் பெண்கள் தரவரிசையில் 26ஆம் இடத்தை எட்டினார். கணவரின் புகழுக்கு இடையே அவருடைய பெயர் குறைவாகவே பேசப்படுகிறது. ஆயினும் வீட்டில் டென்னிஸ் அறிவு இருபுறமிருந்தும் வந்தது என்பதே உண்மை.

இத்தம்பதியர் குடியேறிய பிராடென்டன், 1978இல் நிக் பொலெட்டியேரி தொடங்கிய டென்னிஸ் பயிற்சிக்கழகத்தால் உலகறிந்த ஊர். மக்கள் மூவரும் அங்கேயே பிறந்து, செக் மொழியும் ஆங்கிலமும் பேசி வளர்ந்தனர். மூத்தவர் ஜெசிகா (பிறப்பு: 1993) 2012இல் ஆஸ்திரேலியப் பெண்கள் ஓப்பன் கோல்ஃப் போட்டியை, ஆறு பேர் சமநிலையில் நின்று மோதிய கூடுதல் ஆட்டத்தில் வென்று முதல் பட்டத்தைப் பெற்றார். அடுத்தவர் நெல்லி (பிறப்பு: 1998) 2019இல் அதே போட்டியை வென்றார், 2021இல் பெண்கள் பி.ஜி.ஏ. வாகையர் பட்டத்துடன் உலகின் முதலிடத்தைப் பிடித்து, அவ்வாண்டு நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்றார்; 2024இல் தாம் பங்கேற்ற ஐந்து போட்டிகளை அடுத்தடுத்து வென்று, நான்சி லோபஸ், அன்னிகா சோரன்ஸ்டாம் ஆகியோரின் சாதனையைச் சமன் செய்தார். 2021இன் தொடக்கத்தில் ஜெசிகாவும் நெல்லியும் அடுத்தடுத்த இரு போட்டிகளை வென்றமை, 2000இல் சோரன்ஸ்டாம் சகோதரியருக்குப் பின் முதன்முறையாக நிகழ்ந்தது.

தந்தை 1998இலும் ஜெசிகா 2012இலும் செபாஸ்டியன் 2018இலும் நெல்லி 2019இலும் ஆஸ்திரேலிய மண்ணில் தத்தம் ஆட்டத்தின் முக்கியப் பட்டத்தை வென்றுள்ளனர். இக்குடும்பத்துக்கு அந்நாடு தனிச் சிறப்புடையது.

விளையாட்டுக் குடும்பங்களின் வகைகள்

டென்னிஸ் உலகில் விளையாட்டுக் குடும்பங்களை மூன்று வகையாகப் பிரித்துக் காணலாம். முதலாவது, பெற்றோரும் மக்களும் ஒரே ஆட்டத்தை ஆடும் நேர்வழி மரபு. நார்வேயின் கிறிஸ்டியன் ரூட், காஸ்பர் ரூட் ஆகிய தந்தை மகனும், அமெரிக்காவின் பிரையன் ஷெல்டன், பென் ஷெல்டன் ஆகியோரும், தாய் கேத்தி மேயின் வழியில் வந்த டெய்லர் ஃபிரிட்ஸும் இதில் அடங்குவர். இரண்டாவது, பெற்றோர் வேறோர் ஆட்டத்தில் சிறந்திருக்க மக்கள் டென்னிஸுக்கு வருவது. மியூனிக் ஒலிம்பிக்கில் ஹாக்கி வெண்கலம் வென்ற அணியில் ஆடிய வேஸ் பயஸின் மகன் லியாண்டர் பயஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூன்றாவது, ஒரே தலைமுறையில் உடன்பிறந்தார் பலர் ஆடுவது. சென்னையின் ஆனந்த், விஜய், அசோக் அமிர்தராஜ் சகோதரர்களை இவ்வகையில் சேர்ப்பர்.

முதல் வகையில் தமிழ்நாட்டின் கிருஷ்ணன் குடும்பம் மிகத் தொன்மையான சான்றுகளுள் ஒன்று. டி. கே. ராமநாதனின் மகன் ராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் இளையோர் ஒற்றையர் பட்டத்தையும், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து 1979இல் அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் அதே பட்டத்தையும் வென்றனர். பெட்ர், செபாஸ்டியன் இருவரும் மெல்போர்னில் இருபது ஆண்டு இடைவெளியில் பட்டம் வென்றதை இதனோடு ஒப்பிடலாம். ஆனால் கிருஷ்ணன் குடும்பத்தில் தந்தை மகன் இருவரும் வென்றது ஒரே இளையோர் பட்டம். கோர்டா குடும்பத்தில் தந்தை வென்றது ஆடவர் பட்டம், மகன் வென்றது இளையோர் பட்டம். அந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டே இவ்விரு சாதனைகளையும் ஒருங்கே வைத்துப் பார்க்க வேண்டும்.

கோர்டா குடும்பத்தை முதல் வகையிலும் மூன்றாம் வகையிலும் ஒருசேர வைக்கலாம். ஆயினும் மக்களுள் இருவர் பெற்றோரின் ஆட்டத்தை விட்டுக் கோல்ஃபுக்குச் சென்றமையும், மூன்றாமவர் பனி ஹாக்கி வழியாகச் சுற்றியே டென்னிஸுக்கு வந்தமையும் இக்குடும்பத்தைப் பிறவற்றினின்று வேறுபடுத்துகின்றன. தம் ஆட்டத்தை மக்கள்மீது திணிக்காமல், அவரவர் விரும்பிய ஆட்டத்தை உழைப்போடு ஆடச் செய்ததே பெட்ரும் ரெகினாவும் கைக்கொண்ட வழி. திறமை இரத்தத்தில் வருகிறதா, பயிற்சியில் வருகிறதா என்ற பழைய கேள்விக்கு இக்குடும்பம் தரும் விடை தெளிவானது: பெற்றோர் மக்களுக்குக் கைமாற்றித் தந்தது டென்னிஸை அன்று, விளையாடக் கற்கும் முறையை.

இளமையும் பயிற்சியும்

செபாஸ்டியன் மூன்று வயதிலிருந்தே பனி ஹாக்கி ஆடினார். பத்து வயதை நெருங்கும்வரை அதுவே அவருடைய முதன்மை ஆட்டம். 2009ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பனின்போது, அப்போது செக் ஆட்டக்காரர் ராடெக் ஷ்டெபானெக்குக்குப் பயிற்சியளித்து வந்த தந்தையுடன் நியூயார்க் சென்ற அவர், ஷ்டெபானெக்குக்கும் செர்பியாவின் நோவக் ஜோகோவிச்சுக்கும் ஆர்தர் ஆஷ் அரங்கில் இரவு விளக்கொளியில் நடந்த நான்காம் சுற்று ஆட்டத்தை நேரில் கண்டார். அதன்பின் ஹாக்கி மட்டையை விட்டு டென்னிஸைத் தேர்ந்தார்.

தொழில்முறை ஆட்டக்காரர்களுள் பெரும்பாலோர் நான்கைந்து வயதிலேயே மட்டை பிடித்துவிடும் காலத்தில் இது தாமதமான தொடக்கம். இத்தாமதமே அவருக்கு நன்மையாக அமைந்தது என்பதே பொருந்தும். பனித்தரையில் சறுக்கிப் பழகிய கால்கள் சமநிலையையும் பக்கவாட்டு நகர்வையும் அளித்தன, 1.96 மீட்டர் உயரமுள்ள ஒருவரிடம் அரிதாகக் காணப்படும் இலகுவான நகர்வு அவரிடம் இருப்பதற்கு இதுவே காரணம். ஒரே ஆட்டத்தில் இளம் வயதிலேயே கட்டுண்டு சலிப்படையும் நிலையும் அவருக்கு நேரவில்லை. தந்தையே முதல் பயிற்றுநராக இருந்து அடிப்படைகளைக் கற்பித்தார். தந்தை இடக்கையர், மகன் வலக்கையர் என்றபோதும், பந்து எழும் நிலையிலேயே அடிக்கும் காலக்கணிப்பு தந்தையிடமிருந்து வந்தது. ஸ்பெயினின் ரஃபேல் நடால் மீது அவர் கொண்ட பற்று, தம் வீட்டுப் பூனைக்கு ராஃபா என்று பெயரிடும் அளவுக்கு இருந்தது.

2018 ஜனவரியில், தந்தை பட்டம் வென்று இருபது ஆண்டுகள் நிறைந்த வேளையில், ஆஸ்திரேலிய ஓப்பன் இளையோர் ஒற்றையர் இறுதியில் தைவானின் செங் சுன்-சின்னை 7–6, 6–4 என்று வென்றார். இவ்வெற்றி அவரை உலக இளையோர் தரவரிசையின் முதலிடத்துக்கு உயர்த்தியது.

தொழில்முறை நுழைவு (2018–2020)

தொழில்முறை ஆடவர் டென்னிஸ் படிநிலைகளாக அமைந்தது. கீழ்ப்படியில் ஐ.டி.எஃப். போட்டிகளும், அதற்கு மேல் சேலஞ்சர் எனப்படும் இரண்டாம் நிலைப் போட்டிகளும், உச்சியில் ஏ.டி.பி. சுற்றுப்போட்டிகளும் உள்ளன. ஏ.டி.பி. போட்டிகள் வெல்பவருக்குக் கிட்டும் தரவரிசைப் புள்ளிகளின் அளவால் 250, 500, 1000 என்று வகுக்கப்படும். இளையோர் பட்டம் வென்றவரும் இப்படிகளை ஏறியே வர வேண்டும். செபாஸ்டியனுக்கு இந்த ஏற்றம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் எடுத்தது.

2020 அமெரிக்க ஓப்பனில் போட்டி நடத்துவோர் தம் விருப்பப்படி அளிக்கும் நேரடி அனுமதியாகிய வைல்டு கார்டு பெற்று ஆடிய அவர், முதல் சுற்றில் கனடாவின் டெனிஸ் ஷபவலோவிடம் நான்கு செட்களில் தோற்றார். கொரோனா பெருந்தொற்றால் இலையுதிர் காலத்துக்குத் தள்ளிவைக்கப்பட்ட அவ்வாண்டின் பிரெஞ்சு ஓப்பனில், தரவரிசையில் 213ஆம் இடத்திலிருந்த அவர் தகுதிச்சுற்றைக் கடந்து உள்ளே வந்தார். ஆண்ட்ரியாஸ் செப்பி, ஜான் இஸ்னர், பெட்ரோ மார்ட்டினெஸ் ஆகியோரை வென்று நான்காம் சுற்றை எட்டி, அங்கே தாம் போற்றிய நடாலையே எதிர்கொண்டார். 6–1, 6–1, 6–2 என்று தோற்றபின் நடாலிடம் அவருடைய சட்டையில் கையொப்பம் கேட்டுப் பெற்றார்.

அதே ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் எக்கெண்டாலில் நடந்த போட்டியில் தமிழ்நாட்டின் ராம்குமார் ராமநாதனை இறுதியில் 6–4, 6–4 என்று வென்றதே அவருடைய முதல் சேலஞ்சர் பட்டம்.

ஏற்றம் (2021–2022)

2021 அவருடைய வாழ்வில் திருப்புமுனை. ஜனவரியில் டெல்ரே பீச் போட்டியில் முதல் ஏ.டி.பி. இறுதியை எட்டிப் போலந்தின் ஹூபெர்ட் ஹுர்காச்சிடம் தோற்றார். வசந்தத்தில் மியாமி மாஸ்டர்ஸில் கால் இறுதிவரை சென்றார். மாஸ்டர்ஸ் என்பது கிராண்ட்சிலாமுக்கு அடுத்த நிலையிலுள்ள 1000 புள்ளிப் போட்டிகளைக் குறிக்கும். மே மாதம் பார்மாவில் நடந்த எமிலியா-ரொமாஞ்ஞா ஓப்பன் இறுதியில் இத்தாலியின் மார்கோ செக்கினாட்டோவை அவருடைய சொந்த நாட்டிலேயே 6–2, 6–4 என்று வீழ்த்தி முதல் பட்டத்தைப் பெற்றார். ஐரோப்பியச் செம்மண் தரையில் அமெரிக்க ஆடவர் ஒருவர் பட்டம் வென்றது 2010இல் சாம் குவெர்ரி பெல்கிரேடில் வென்றதற்குப் பின் இதுவே முதன்முறை. பெற்றோரின் செம்மண் மரபு மகனிடம் உயிர்ப்புடன் இருப்பதை இது காட்டியது.

சில வாரங்களில் விம்பிள்டனில் முதன்முறையாக ஆடி, ஆஸ்திரேலியாவின் அலெக்ஸ் டி மினோரையும் இங்கிலாந்தின் டான் எவன்ஸையும் வென்று நான்காம் சுற்றை அடைந்தார். இருபத்தொன்றாம் பிறந்தநாளன்று ரஷ்யாவின் கரென் கச்சானோவை எதிர்த்து ஆடிய அந்த ஆட்டம் ஐந்து செட்களுக்கு நீண்டது. ஐந்தாம் செட்டின் பதினெட்டு கேம்களில் பதின்மூன்றில் சர்வீஸ் போட்டவரே கேமை இழந்தார். சர்வீஸ் போடுபவருக்கே வாய்ப்பு மிகுந்த புல்தரையில் இத்தகைய நிகழ்வு மிக அரிது. 3–6, 6–4, 6–3, 5–7, 10–8 என்று கச்சானோவ் வென்றார். ஐந்தாம் செட் 6–6 ஆனதும் டைபிரேக்கர் ஆடி முடிக்கும் இன்றைய விதி அப்போது விம்பிள்டனில் இல்லை.

ஆண்டின் இறுதியில் 21 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உடைய எட்டுப் பேருக்காக மிலானில் நடந்த நெக்ஸ்ட் ஜென் இறுதிப் போட்டியில், நான்கு கேம்களில் முடியும் குறுஞ்செட் முறையில் ஆடி இறுதியை அடைந்து, ஸ்பெயினின் கார்லோஸ் அல்கராஸிடம் தோற்றார். அடுத்த ஏப்ரலில் மாண்டே கார்லோவில் அல்கராஸை மூன்று செட்களில் வென்று ஈடுசெய்தார். 2022 இலையுதிர் காலத்தில் கிஹோன், ஆண்ட்வெர்ப் ஆகிய இரு நகரங்களிலும் இறுதியாட்டத்தை எட்டினார். ஒன்றில் ஆண்ட்ரே ருப்லெவும் மற்றொன்றில் ஃபெலிக்ஸ் ஓஷே-அலியாசிமும் வென்றனர். இக்காலத்தில் ஆண்ட்ரே அகாசி அவருக்கு அறிவுரையாளராக இருந்தார். சிறுவயதில் அவர் அரங்கிலிருந்து பார்த்த ஷ்டெபானெக்கும் பின்னர் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார்.

மெல்போர்னும் காயங்களும் (2023)

2023இன் தொடக்கம் அவருடைய ஆட்டம் எவ்வளவு உயரத்துக்குச் செல்லக்கூடியது என்பதை உலகுக்குக் காட்டியது. அடிலெய்டில் ஜோகோவிச்சுக்கு எதிரான இறுதியில் முதல் செட்டை வென்று, இரண்டாவதில் வாகையர் புள்ளிவரை வந்து, 6–7, 7–6, 6–4 என்று தோற்றார். இரு வாரங்களுக்குள் ஆஸ்திரேலிய ஓப்பன் மூன்றாம் சுற்றில், முந்தைய இரு ஆண்டுகளும் அங்கே இறுதியாடிய டானில் மெத்வதேவை நேர்செட்களில் (7–6, 6–3, 7–6) வீழ்த்தினார். நான்காம் சுற்றில் ஹுர்காச்சை ஐந்தாம் செட்டின் பத்துப் புள்ளி டைபிரேக்கரில் வென்று, முதன்முறையாகக் கிராண்ட்சிலாம் கால் இறுதியை அடைந்தார். அங்கே கச்சானோவுக்கு எதிராக மூன்றாம் செட்டில் வலக்கை மணிக்கட்டு வலியால் ஆட்டத்தைக் கைவிட நேர்ந்தது. மூன்று மாதங்கள் களத்துக்கு வெளியே இருந்தார்.

இக்காயமே அவருடைய வளர்ச்சியைத் தடுத்த முதற்காரணம். முக்கியத் தருணங்களில் அவர் மனவுறுதி இழக்கிறார் என்று சிலர் எழுதுவது ஏற்கத்தக்கதன்று. நல்ல ஆட்டத்தை எட்டும் ஒவ்வொரு முறையும் உடல் அவரைப் பின்னிழுத்துள்ளது என்பதை அடுத்தடுத்த ஆண்டுகளும் மெய்ப்பித்தன. அவ்வாண்டின் பிற்பகுதியில் அஸ்தானா இறுதியில் அட்ரியான் மன்னரினோவிடம் தோற்றார். ஷாங்காயில் முதன்முறையாக மாஸ்டர்ஸ் அரையிறுதியில் ஆடினார்.

வாஷிங்டன் பட்டம் (2024)

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் ஜோர்டன் தாம்ப்சனுடன் இணைந்து மாட்ரிட் மாஸ்டர்ஸ் இரட்டையர் பட்டத்தை வென்றார். ஜூனில் நெதர்லாந்தின் ஸெர்தோகன்பாஸ் புல்தரைப் போட்டியின் இறுதியில் டி மினோரிடம் தோற்று, லண்டன் குவீன்ஸ் கழகப் போட்டியில் அரையிறுதிவரை சென்றார்.

ஆகஸ்டு 4 அன்று வாஷிங்டனில் நடந்த 500 புள்ளிப் போட்டியின் இறுதியில் இத்தாலியின் ஃபிளாவியோ கோபோல்லியிடம் முதல் செட்டை இழந்தும் 4–6, 6–2, 6–0 என்று மீண்டு வென்றார். 1992இல் தந்தை வென்ற அதே பட்டம் இது; அப்போட்டியின் வரலாற்றில் தந்தையும் மகனும் வாகையராவது அதுவே முதன்முறை. மகனின் ஒற்றையர் வெற்றிகளுள் மிகப் பெரியதும் இதுவே. அடுத்த வாரம் மாண்ட்ரியல் மாஸ்டர்ஸிலும் அரையிறுதியை எட்டியதால் தரவரிசையில் 15ஆம் இடம் கிடைத்தது. அமெரிக்க ஓப்பனுக்குப் பின் முழங்கையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதால் அவ்வாண்டின் எஞ்சிய போட்டிகளில் அவர் ஆடவில்லை.

ஆட்ட முறை

செபாஸ்டியன் வலக்கையால் ஆடுபவர். பேக்ஹேண்டை இரு கைகளாலும் அடிப்பார். உடலின் மறுபக்கத்திலிருந்து அடிக்கப்படும் அவருடைய இந்த பேக்ஹேண்டு, அதிகச் சுழற்சியின்றித் தட்டையாகச் சென்று கோட்டோரம் விழும் தன்மையால் உலகத் தரம் வாய்ந்ததாகக் கருதப்படுகிறது. உயரத்தின் பயனால் சர்வீஸ் செங்குத்தான கோணத்தில் இறங்குகிறது. எதிராளியைக் களைப்படையச் செய்து வெல்வதைவிட, அடிக்கோட்டின் அருகே நின்று பந்தை முன்கூட்டியே அடித்து ஆட்டத்தை விரைந்து முடிப்பதையே அவர் விரும்புகிறார். இவ்வகையில் அவர் தந்தையின் வாரிசு.

பந்து தாழ எழும் புல்தரையிலும் வேகமான ஹார்ட் கோர்ட்டிலும் இம்முறை சிறப்பாகப் பயன்படுகிறது; செம்மண்ணில் வென்ற பட்டம், அத்தரையிலும் அவர் ஆடத் தெரிந்தவர் என்பதற்குச் சான்று. தட்டையாக அடிப்பதால் பிழைக்கு இடம் குறைவு. காலக்கணிப்பு சற்றே தவறினாலும் பந்து வலையில் சிக்கும் அல்லது கோட்டுக்கு வெளியே விழும். நீண்ட ஓய்வுக்குப் பின் திரும்பும்போது பழைய ஆட்டம் உடனே அமையாததற்கு இதுவும் ஒரு காரணம்.

2025ஆம் ஆண்டு

2025 ஜனவரியில் அடிலெய்டு இறுதியில் ஓஷே-அலியாசிமிடம் தோற்ற செபாஸ்டியன், மார்ச்சில் மியாமி மாஸ்டர்ஸ் கால் இறுதியில் ஆடினார். பின்னர் முன்காலெலும்பில் தொடர் அழுத்தத்தால் ஏற்பட்ட நுண்முறிவு காரணமாக விம்பிள்டனில் பங்கேற்காமல், ஆகஸ்டு மாதம் மீண்டும் களம் திரும்பினார்.